மாட்டாஸ்பத்திரியில் நாய்க்கும் இடம் வேணும்

நம்ம கூட்டங்களில் மாட்டைப் பற்றிப் பேசாத கூட்டம் கிடையாது. காங்கேயம், உம்பளச்சேரி, புலிக்குளம் என்று இனம் இனமாகப் பேசுவோம். பேச வேண்டியதுதான். சாணமும் கோமியமும் இல்லாமல் பஞ்சகவ்யம் ஏது, அமுதக்கரைசல் ஏது? ஆனால் ராத்திரி முழுக்க முழிச்சிருந்து கடலைக் கொல்லையில் பன்றியை விரட்டுகிற நாயைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அதுக்குத் திடீர்னு முடியாமப் போனால் எங்கே தூக்கிட்டு ஓடுவது என்று கேட்டுப் பாருங்க. பலர் கையை விரிப்பாங்க.

இதில் உழவரை மட்டும் குறை சொல்ல முடியாது. அரசு கால்நடை மருந்தகத்துக்கு ஊரில் பேரே மாட்டாஸ்பத்திரி. பகலில் திறந்திருக்கும், பொழுது சாய்ந்தால் பூட்டு. 1962 எண்ணுக்குக் கூப்பிட்டால் வண்டி வருகிற ஏற்பாடும் முக்கியமாக ஆடுமாடுகளை நினைத்துச் செய்ததுதான். பால் தருவதற்கும் கறி தருவதற்கும்தான் கணக்கு. காவல் காப்பது கணக்கில் வராது. தோட்டத்து நாய்க்கு ஆபத்து வருவதோ ராத்திரியில்தான். பாம்பு நடமாடுகிற நேரமும் அதுதான், பன்றிக்கு நஞ்சு வைக்கிற நேரமும் அதுதான்.

அந்த நஞ்சுதான் எனக்குப் பெரிய ஆத்திரம். நம்ம நிலத்தில் விசம் இல்லை, சரி. நாய்க்கு வரப்பு தெரியுமா? பக்கத்துக் காட்டில் பன்றிக்கோ எலிக்கோ என்று கருவாட்டிலும் கோழிக்குடலிலும் குருணை மருந்தைக் கலந்து வைக்கிறார்கள். ஃபோரேட்டை 2020 முடிவோடு நாடு முழுக்கத் தடை செய்தாச்சு. தடை காகிதத்தில் இருக்கிறது. பழைய பாக்கெட் எந்தப் பரணில் இருக்கிறதோ, யார் கண்டது? பத்து வருசம் ரசாயனத்தைத் தொடாத தோட்டத்தின் நாய் அடுத்தவர் ரசாயனத்தில் சாவது எந்த ஊர் நியாயம்?

இந்த வகை நஞ்சைத் தின்ற நாய்க்கு வாயில் எச்சில் ஒழுகும், கழிச்சல் போகும், சதை துடிக்கும், கண் பாப்பா ஊசிமுனை மாதிரி சுருங்கும், மூச்சு திணறும். இதுக்கு அட்ரோபின் ஊசி இருக்கிறது. விலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் சீக்கிரம் போட வேண்டும், எவ்வளவு போடுவது என்று பார்த்துப் போட டாக்டர் வேண்டும். விடிந்ததும் பார்த்துக்கலாம் என்பது இங்கே ஆகாது. சில எலி மருந்துகள் இன்னொரு தினுசு. தின்று இரண்டு மூன்று நாள் ஒன்றும் தெரியாது, அப்புறம் ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும். அதுக்கு வைட்டமின் கே. அதனால் நாய் என்ன தின்றது என்று தெரிந்தால் அந்தப் பாக்கெட்டையும் கையோடு எடுத்துட்டுப் போங்க.

இன்னொன்றையும் சொல்லணும், சிலருக்குப் பிடிக்காது. நான் மரபு மருத்துவத்துக்கு எதிரி இல்லை. மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசுகிறவன்தான். அதற்காக விசம் தின்ற நாய்க்கு உப்புத்தண்ணியும் எண்ணெயும் ஊற்றுவதை ஏத்துக்க முடியாது. துடிக்கிற நாய்க்கு ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். உப்பு மிஞ்சினால் அதுவே கொல்லும். சில நஞ்சுகளை எண்ணெய் இன்னும் வேகமாக உடம்பில் ஏற்றும். மாட்டுக்கு மருந்தில் சேர்க்கிறோமே என்று பூண்டையும் வெங்காயத்தையும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது, அதன் ரத்தத்தையே கெடுக்கும். நாம் போடுகிற வலி மாத்திரையும் வேண்டாம்.

பாம்புக்கடிக்கும் அப்படித்தான். கயிறு போட்டு இறுக்குவது, கீறி விடுவது எல்லாம் நேரத்தைத் தின்னும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் மனிதர்களுக்குப் போடுகிற அதே விசமுறிவு ஊசிதான் நாய்க்கும். அது மாட்டாஸ்பத்திரியில் இருப்பு இருக்கிறதா என்று இப்பவே போய்க் கேட்டு வைங்க. இல்லை என்றால் எந்த மருந்துக் கடையில் கிடைக்கும் என்றும் அங்கேயே விசாரிச்சுக்குங்க.

எச்சில் ஒழுகினால் எல்லாமே விசம் என்றும் நினைக்க வேண்டாம். குரல் மாறி, தண்ணி விழுங்க முடியாமல், ஆளைத் தெரியாமல் பாய்ந்தால் வெறிநோயாக இருக்கலாம். வாய்க்குள் கையை விடாதீங்க. எச்சில் காயத்தில் பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிசம் ஓடுகிற தண்ணியில் கழுவி, உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கணும். இதில் தாமதம் மனித உயிருக்கு ஆபத்து.

ராத்திரியில் போன் எடுக்கிற டாக்டர் யார், எந்த ஊரில் எத்தனை மணி வரை பார்க்கிறார்கள், எந்த வண்டிக்காரர் நாயை ஏற்றுவார்: இதைப் பகலிலேயே விசாரித்து மோட்டார் கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வைக்கலாம். நாயை ஏற்ற மாட்டேன் என்கிற ஆட்டோதான் அதிகம். சாக்கில் படுக்க வைத்து இரண்டு பேர் பைக்கில் போவது நடக்கிற காரியம்தான். வாந்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சு வாங்குகிற நாய்க்கும் வாயைக் கட்டக் கூடாது.

ஆனால் இதெல்லாம் தனி ஆள் சமாளிப்பு. ராத்திரி மருத்துவம் வேண்டும் என்றால் சென்னைக்காரருக்கு வேப்பேரி கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்றவர்கள்? நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தலைவாசல், உடுமலை, தேனியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள உழவருக்கு ராத்திரிச் சேவை கேட்கலாம். மற்ற இடங்களில் வருவாய்க் கோட்டத்துக்கு ஒரு கால்நடை மருத்துவமனையிலாவது இரவுப் பணி டாக்டர், அட்ரோபினும் பாம்புக்கடி ஊசியும் சலைனும் தீராத இருப்பு. இதைக் கேட்பது பேராசையா?

"மனுசனுக்கே ராத்திரியில் டாக்டர் இல்லை, இதுல நாய்க்கா?" என்று கேட்பாங்க. அந்த டாக்டர் நாய்க்கு மட்டும் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. கன்று குறுக்கே விழுந்து ஈன முடியாமல் தவிக்கிற பசுவுக்கும், வயிறு உப்பின ஆட்டுக்கும் ராத்திரி இரண்டு மணிக்கு அவர்தான் வரணும். நாய் ஒன்று வந்தால் அதையும் பார்க்கட்டும் என்கிறேன்.

அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைக்கலாம். எழுதும்போது ஒரு விசயம்: 'கால்நடைகளுக்கு இரவு மருத்துவம்' என்று மட்டும் எழுதினால் மாடு, ஆடு என்று படித்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள். 'நாய் உட்பட' என்ற இரண்டு சொல்லையும் சேர்த்தே எழுதுங்க.