மார்புப் புண்ணை மறைப்பது ஹயா அல்ல



தலைப்பைக் கண்டதும் முகம் சுளிப்போர் உண்டு என்பதை நாம் அறிவோம். மதரஸா ஆசிரியர்கள் எழுதத்தக்க பொருளா இது என்பர். ஹைளு, நிஃபாஸ், பால்குடி உறவு ஆகியவற்றின் சட்டங்களைக் கூச்சமின்றிப் பாடம் நடத்தும் நாம், இதில் மட்டும் வாய்மூடி இருப்பது என்ன நியாயம்? வெட்கம் மார்க்கத்தைக் கற்பதிலிருந்து தம்மைத் தடுக்க விடாத அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரழி) அவர்கள் புகழ்ந்துரைத்ததை நாமே மேடைதோறும் சொல்கிறோம்.

குயிலாப்பாளையத்தில் ஒரு சகோதரர் எம்மிடம் வந்தார். அவருடைய மனைவி மரக்காணம் பக்கத்து உப்பளத்தில் கூலி வேலை செய்பவர். வலது முலைக்காம்பில் ஓயாத அரிப்பு, தோல் செதில் செதிலாக உரிகிறது, உப்புநீர் பட்டதால் வந்திருக்கும் என்றார். தேங்காயெண்ணெயில் ஓதி ஊதிக் கொடுத்தோம். ஓதிப் பார்ப்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் ‘டாக்டரிடம் காட்டினீர்களா?’ என்ற ஒரு கேள்வியை நாம் கேட்கவில்லை. மருந்துக்கடைக் களிம்பில் சற்றே தணிவதும் மீண்டும் கசிவதுமாகப் பத்து மாதங்கள் கழிந்தன. பிறகு புதுச்சேரியில் தோலின் சிறு துண்டை எடுத்துச் சோதித்தபோது பேஜட் நோய் என்றனர். மார்பினுள் புற்றுநோய் இருந்தது. அந்தப் பத்து மாதங்களுக்கு நாமும் பொறுப்பாளிகளே.

இது புதிய செய்தியன்று. 1874-ல் ஜேம்ஸ் பேஜட் என்ற ஆங்கில அறுவை மருத்துவர், முலைக்காம்பில் ஆறாத படையுற்ற சுமார் 15 பெண்களைப் பற்றி எழுதினார். இரண்டாண்டுக்குள் அவர்கள் அனைவருக்கும் மார்பில் புற்று தோன்றியிருந்தது.

எல்லாத் தடிப்பும் புற்றன்று; அஞ்சி நடுங்க வேண்டாம். வெயிலில் உழைக்கும் பெண்களுக்கு மார்பின் அடிமடிப்பில் வியர்வை தங்கிப் படை வருவது மிக இயல்பு. சாதாரணக் கரப்பான் பெரும்பாலும் இரு பக்கமும் வரும். பேஜட் நோயோ பெரும்பாலும் ஒரே பக்கத்தில், காம்பிலேயே தொடங்கிச் சுற்றுவட்டத்துக்குப் பரவும். கட்டி கைக்குத் தட்டுப்படாமலும் இருக்கலாம். பால் கொடுக்கும் தாய்க்கு மார்பு சிவந்து வலித்தால் அது பெரும்பாலும் பால்கட்டே. ஆயினும் மருந்து உண்டும் ஓரிரு வாரங்களில் தணியாமல், தோல் தடித்து ஆரஞ்சுப் பழத் தோல்போல் குழிகுழியாகத் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

மருத்துவர் இரு மார்பையும் அக்குளையும் பார்ப்பார். மேமோகிராம், ஸ்கேன் எடுக்கச் சொல்வார். படம் சரியாக இருந்தாலும் புண் ஆறவில்லையெனில், மரத்துப்போகும் ஊசி போட்டுத் தோலின் சிறு துண்டை எடுப்பார். முடிவைச் சொல்வது அத்துண்டுதான். ‘கத்தி பட்டால் பரவிவிடும்’ என்று திண்ணையில் சொல்லப்படுவது பொய். ஸ்டீராய்டு களிம்பைத் தாமாகவே வாங்கித் தடவுவோர் அறிகுறியைத்தான் தணிக்கின்றனர். நோய் உள்ளே தன் வேலையைச் செய்கிறது.

‘அந்நிய ஆணிடம் காட்டுவதா?’ என்று வீறாப்புப் பேசும் கணவர்களே! ஷரீஅத் உங்களைவிட விசாலமானது. 1993-ல் புருனையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இதைத் தெளிவுபடுத்திவிட்டது: முதலில் முஸ்லிம் பெண் மருத்துவர், இல்லையேல் முஸ்லிமல்லாத பெண் மருத்துவர், அவரும் இல்லையேல் முஸ்லிம் ஆண் மருத்துவர், பிறகு முஸ்லிமல்லாத ஆண் மருத்துவர். தேவையான அளவே பார்க்க வேண்டும். கணவரோ மஹ்ரமோ நம்பகமான பெண்ணோ உடனிருக்க வேண்டும். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் (ரழி) அவர்களைப் பள்ளிவாசலில் அமைந்த கூடாரத்தில் பராமரித்தவர் ருஃபைதா (ரழி) என்னும் பெண்மணி அல்லவா? பெண் மருத்துவர்தான் வேண்டுமெனில், உம் மகளைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தியது ஏன்? (இதைச் சொன்னால் ஜமாஅத்தில் சிலருக்குக் கோபம் வருகிறது.)

ஓதிப் பார்க்க வருவோரிடம், எத்தனை நாளாக, ஒரு பக்கமா இரு பக்கமா, யாரிடம் காட்டினீர்கள் என்று இப்போது நாம் முதலில் கேட்கிறோம். ஆறாத புண் என்றால், மருத்துவரிடம் சென்று வந்த சீட்டைக் கண்ட பின்னரே ஓதுகிறோம்.

அச்சகோதரிக்கு அறுவை முடிந்து கீமோ நடைபெற்று வருகிறது. தலைமுடி கொட்டிவிட்டது, உப்பளத்துக்குப் போக முடியவில்லை. அவருடைய ஷிஃபாவுக்காக துஆச் செய்யுங்கள்.