கொஞ்சம் ஓடும்... உடனே நிற்கும்!

கடலூர்க்காரர்களுக்கு வருஷத்தில் பத்து மாதம் வீட்டில் ஜெனரேட்டர் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் இருக்காது. ஐப்பசி பிறந்து, டி.வி.யில் ஒருவர் வங்கக் கடலில் ஒரு சுழியைச் சுட்டிக் காட்டியதும்தான் நினைப்பு வரும். மாடிப்படிக்கு அடியில் குனிந்து, அதன் மேல் கிடக்கும் பழைய பேப்பர், குடை, கொலு பொம்மைப் பெட்டி எல்லாவற்றையும் நகர்த்தி, வெளியே இழுத்து, கயிற்றைச் சுண்டுவார்கள்.

'புர்ர்...' என்று ஒரு சத்தம். அப்புறம் மௌனம்.

இந்த மௌனத்தைப் பற்றித்தான் இந்த வாரம்.

எங்கள் திருப்பாதிரிப்புலியூருக்கு ஒரு பெருமை உண்டு. அப்பர் பெருமானைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டும் அவர் மிதந்து வந்து சேர்ந்த ஊர் என்பார்கள். பக்தி இருந்தால் கல்லும் மிதக்கும். ஆனால் பழைய பெட்ரோல் இருந்தால் எஞ்சின் ஓடாது. இது அனுபவ உண்மை.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின் கம்பங்கள் முருங்கைக் கிளை மாதிரி முறிந்து கிடந்தன. அப்போது ஊரில் ராஜா யார் என்றால், தள்ளுவண்டியில் ஜெனரேட்டர் வைத்திருந்தவர்தான். வீடு வீடாக வந்து, மோட்டார் போட்டுத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டு, கேட்ட பணத்தை வாங்கிக்கொண்டு போனார். அந்த வயிற்றெரிச்சலில் எங்கள் தெருவில் பன்னிரண்டு வீட்டார் சேர்ந்து சொந்தமாக ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கினார்கள்.

பன்னிரண்டு பேருக்குச் சொந்தமான பொருளுக்கு எத்தனை பேர் பொறுப்பு? கணக்குப் புலிகள் பன்னிரண்டு என்பார்கள். தெருவில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், விடை பூஜ்யம்!

ஓடாத எஞ்சினைச் சுற்றி நிற்பவர்களில் மூன்று வகை உண்டு. முதல் வகை, பயில்வான். எஞ்சினில் என்ன கோளாறு என்ற கேள்வியே அவருக்குக் கிடையாது. கயிறு அறுகிறவரை இழுப்பார். இரண்டாவது, தியரி ஆசாமி. கார்புரேட்டரை முழுசாகக் கழற்றிப் பேப்பரில் பரப்பிவிட்டு, மாட்டும்போது ஒரு ஸ்பிரிங் மிச்சம் வைப்பார். மூன்றாவது ஆசாமி எதையும் தொட மாட்டார். "போன வருஷம் நல்லா ஓடிச்சே!" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நிற்பார். நோயின் பெயரே அதுதான் என்பது அவருக்குத் தெரியாது.

2024 நவம்பர் 30 ராத்திரி 'ஃபெஞ்சல்' வந்தது. அது கரை கடந்த பிறகு சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் வந்து, டிசம்பர் 2-ம் தேதி தென்பெண்ணை கரைபுரண்டது. எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. கோடி வீட்டில் ஆஸ்துமாக்காரப் பெரியம்மா ஒருவர். நெபுலைசர் வைத்தால்தான் மூச்சு. ஜெனரேட்டரோ கொஞ்சம் ஓடும், உடனே நிற்கும். மறுபடி கொஞ்சம் ஓடும், மறுபடி நிற்கும். பெரியம்மாவுக்கும் அதற்கும் ஒரே வியாதி.

லாரன்ஸ் ரோடு பக்கத்திலிருந்து முழங்கால் தண்ணீரில் ஒரு மெக்கானிக் அண்ணனை அழைத்து வந்தோம். அவர் ஸ்பானரை எடுக்கவே இல்லை. முதலில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"எப்ப ஊத்துன பெட்ரோல் சார் இது?"

எங்கள் தெருச் சங்கச் செயலாளர் ரிட்டயரானவர். எதற்கும் ஃபைல் வைத்திருப்பவர். "மார்ச் மாசம். ரெண்டு லிட்டர். பில் இருக்கு" என்றார் பெருமையாக.

"பில்லு கெடாது சார். பெட்ரோல் கெடும்."

டேங்க் மூடியைத் திறந்து எங்களை மோந்து பார்க்கச் சொன்னார். பெட்ரோல் வாசனை இல்லை, பழைய வார்னிஷ் வாடை. பெட்ரோலில் சட்டென்று தீப்பிடிக்கிற லேசான சரக்கு ஆவியாகிப் போய்விடும். மிச்சம் இருப்பது காற்றோடு சேர்ந்து பிசினாகும். அந்தப் பிசின் போய் உட்காருகிற இடம் கார்புரேட்டருக்குள் இருக்கும் ஜெட். அதன் துளை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

"இப்பப் பாருங்க. சோக்கை மூடி வெச்சா ஓடுதா? திறந்தா நிக்குதா? அப்ப காத்து வருது, பெட்ரோல் வரல."

இது ரொம்ப அழகான பரீட்சை. சோக் என்பது காற்றுக் குழாயை மூடுகிற கதவு. அதை மூடினால் எஞ்சின் காற்றுக்குப் பதில் பெட்ரோலைக் கூடுதலாக உறிஞ்சும். சூடான பிறகும் அப்படி மூடினால்தான் ஓடுவேன் என்று எஞ்சின் அடம்பிடித்தால், அநேகமாக ஜெட்டில் அடைப்பு. சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி மூச்சு வாங்கினாலும் பெரும்பாலும் அதே கேஸ்தான்.

அண்ணன் பெட்ரோல் குழாயை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றினார். அடியில் தேன் மாதிரி ஒரு படிவு. ஜெட்டைக் கழற்றி, ஒரு பழைய வயரைப் பிரித்து ஒற்றைச் செம்புக் கம்பியை உருவி, அதால் துளையைக் குத்தி, வாயால் ஊதினார். (ஊசி, குண்டூசி எதுவும் கூடாது. பித்தளை ஜெட்டின் துளை பெரிதாகிவிட்டால் அப்புறம் புது ஜெட்தான்.) பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் பைக்கிலிருந்து புதுசு ஊற்றினோம். இருபது நிமிஷம். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. பெரியம்மாவின் மூச்சு சீராகிறவரை தெருவில் யாரும் உட்காரவில்லை.

அன்றைக்கு அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாகத் தருகிறேன். ரகசியமே வரிசையில்தான் இருக்கிறது. காசு செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும், கழற்ற வேண்டியதைக் கடைசியில்.

ஒன்று, ஸ்டார்ட்டே ஆகவில்லையா? ஆயிலைப் பாருங்கள். பல ஜெனரேட்டர்களில் ஆயில் குறைந்தால் தானே அணைக்கிற ஏற்பாடு இருக்கிறது. பாவம், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. நீங்கள் கயிற்றை இழுத்துத் தோளைச் சுளுக்கிக்கொள்கிறீர்கள்.

இரண்டு, பத்து நிமிஷம் நன்றாக ஓடிவிட்டு நிற்கிறதா? டேங்க் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், மறுபடி ஓடினால் மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. ஒரு துடைப்பக் குச்சி வைத்தியம் போதும்.

மூன்று, கறுப்புப் புகையா? ஏர் ஃபில்டரில் தூசி, அல்லது சோக் முழுசாகத் திறக்கவில்லை. ஃபில்டர் ஸ்பாஞ்சு என்றால் சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாகக் காய வைக்கலாம். பேப்பர் என்றால் மாற்றத்தான் வேண்டும்.

நான்கு, பிளக். அது எஞ்சினின் நாக்கு. கழற்றி நிறத்தைப் பாருங்கள். காபிக் கலர் என்றால் ஆரோக்கியம். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. நனைந்திருந்தால் நீங்கள் அளவுக்கு மேல் இழுத்துவிட்டீர்கள். துடைத்துக் காய வைத்து மாட்டுங்கள். முனையில் இடைவெளி ஒரு ஹாக்ஸா பிளேடு நுழைகிற அளவு, சுமார் 0.7 மில்லிமீட்டர்.

இதெல்லாம் சரியாக இருந்த பிறகுதான் கார்புரேட்டர். நம்மவர்கள் அங்கேதான் ஆரம்பிப்பார்கள்!

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. அமெரிக்காவில் மின்னசோட்டா, அப்புறம் கனடா, பின்லாந்து பக்கமெல்லாம் குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும். அந்த ஐஸில் நடந்து போய், பெட்ரோல் எஞ்சின் வைத்த துரப்பணத்தால் ஓட்டை போட்டு மீன் பிடிப்பார்கள். குளிர்காலம் போனால் அந்த எஞ்சினுக்கு ஷெட்டில் தூக்கம். அடுத்த பனிக்கு எடுத்தால் இதே 'புர்ர்', இதே மௌனம், இதே ஜெட் அடைப்பு. நம் கெடிலம் உறையப் போவதில்லை. அதில் நிறையத் தண்ணீர் ஓடுவதே மழைக்காலத்தில்தான். ஆனாலும் அந்த ஊர் மீன்காரரும் நம் செயலாளரும் ஒரே ஜாதி. ஓடி ஓடித் தேய்வதைவிடச் சும்மா கிடந்து கெடுகிற எஞ்சின்களின் சொந்தக்காரர்கள்.

இப்போது இன்னொரு சங்கதியும் சேர்ந்திருக்கிறது. 2025-ல் நாடு முழுக்கப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனாலுக்கு ஈரம் என்றால் கொள்ளை ஆசை. கடலோர ஊரில் மாதக்கணக்கில் கிடந்தால் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டர் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். பழைய எஞ்சினின் ரப்பர் குழாய்களுக்கும் எத்தனால் ஆகாது. ஆகவே, வேலை முடிந்ததும் பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் தானாக நிற்கிறவரை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் காலியாகும். டேங்கில் மிச்சம் இருப்பதை வடித்துப் பைக்கில் ஊற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இதில் விளையாட்டு இல்லை. மழை அடிக்கிறதே என்று ஜெனரேட்டரை ஹாலுக்குள்ளோ மாடிப்படி அடியிலோ வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, தூக்கம், அப்புறம் எழுந்திருப்பதே இல்லை. கறுப்புப் புகை விட்டுத் திணறுகிற எஞ்சின் இந்த விஷத்தை இன்னும் அதிகமாகக் கக்கும். வாசலைவிட்டுத் தள்ளி, ஜன்னலுக்குப் புகை வராத பக்கம், மேலே ஒரு கூரை. வேறு வழி கிடையாது.

எங்கள் தெருவில் இப்போது ஒரு ஏற்பாடு. மாதம் ஒரு வீடு. சம்பளத் தேதியன்று, கொஞ்சம் புதுப் பெட்ரோல் ஊற்றி, இரண்டு ஃபேனைப் போட்டுப் பத்து நிமிஷம் ஓட்ட வேண்டும். பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு மாதம். கணக்கு முதல் தடவையாக நேராகியிருக்கிறது.

'தானே' என்று பெயர் வைத்தது மியான்மர். 'ஃபெஞ்சல்' சவுதி அரேபியாவின் உபயம். பதின்மூன்று நாடுகள் கொடுத்த 169 பெயர்களை 2020-லேயே பட்டியல் போட்டுவிட்டார்கள். அடுத்த புயலுக்குப் பெயர்கூடத் தயார்.

உங்கள் ஜெனரேட்டர்?