இரவுத் தங்கல்

கோடை விடுமுறையை முன்னிட்டுத் திருத்தல யாத்திரைக்கு ஆயத்தமாகும் குடும்பங்கள் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் ஏராளம். சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேனை அமர்த்திக்கொள்வதும், வீட்டுப் பெரியவர் ஒருவர் தாளும் பேனாவுமாக அமர்ந்து ஊர்களை வரிசைப்படுத்துவதும் நாம் அறிந்ததே. அத்தாளில் கோயில்கள் யாவும் இடம்பெற்றிருக்கும். சிற்றுண்டிக்கு எங்கே நிற்பது என்பதும் இருக்கும். இரவில் எங்கே தலைசாய்ப்பது என்பது மட்டும் பெரும்பாலும் இராது. அதைக் குறித்தே இம்மாதம் வாசகரோடு பேச விழைகிறோம்.

மாலை ஏழு மணிக்குத் தாம்பரத்தை விட்டால் பொழுது புலருமுன் வேளாங்கண்ணி. காலைத் திருப்பலி காணலாம். ஓர் இரவின் அறை வாடகையும் மிச்சம். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்கணக்கில் ஓட்டுநர் சேரவில்லை. பகலெல்லாம் வேறு சவாரி முடித்துவிட்டு வந்தவராகவும் அவர் இருக்கலாம், நாமோ கேட்பதில்லை. 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ஆய்வின்படி, 17 மணி நேரம் உறங்காதிருப்பவரின் செயல்திறன், 100 மி.லி. இரத்தத்தில் 50 மி.கி. மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்கிறது. நம் நாட்டில் வண்டி ஓட்டுவோருக்குச் சட்டம் வைத்துள்ள வரம்போ 30 மி.கி.தான். காலை ஆறு மணிக்கு எழுந்தவர் இரவு பதினொன்றுக்கு அந்நிலையை எட்டிவிடுவார். வண்டி அப்போது கடலூர்ப் பக்கம் சென்றுகொண்டிருக்கும். சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் அனைத்தும் இனிமேல்தான். உறக்கம் மிகக் கடுமையாக அழுத்தும் பின்னிரவும் இனிமேல்தான். குடித்தவர் ஓட்டும் வண்டியில் நம் பிள்ளைகளை ஏற்றச் சம்மதிப்போமா?

1961-இல் இயற்றப்பட்ட மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்றும், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடராமல் அரை மணி ஓய்வு என்றும் வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில், ஓட்டுநர் உட்பட ஒன்பது பேருக்கு மேல் ஏற்றும் வண்டியைத் தொழிலாக ஓட்டுவோர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆகவேண்டும். நம் பங்குகளிலிருந்து அந்நாடுகளுக்குச் சென்று வாழும் பிள்ளைகள் சிலர், படுக்கையும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொண்டு லூர்து நகர் வரை போய்வருவதுண்டு. அவர்கள் வரைபடத்தில் முதலில் குறிப்பது இரவு நிறுத்தங்களையே. கண்ட இடத்தில் கூடாரம் அடிக்க இயலாத ஜெர்மனியிலும், பொது நிறுத்துமிடத்தில் வண்டிக்குள்ளேயே ஓரிரவு உறங்கலாம் என்பது ஏற்கப்பட்ட வழக்கம். ஓட்டுநர் வண்டி ஓட்டும் தகுதியை மீட்டுக்கொள்வதற்காகவாம்! நாற்காலி மேசையை வெளியே பரப்பினால் அந்தச் சலுகை இல்லை.

நம் வேனில் படுக்கை கிடையாது. ஆகவே இரவு தங்கும் ஊரை முன்பே முடிவுசெய்து, அதற்கேற்பக் கோயில்களைக் கோத்துக்கொள்வதே முறை. கடற்கரையோரமாகத் தெற்கே செல்லும் ஆறு நாள் யாத்திரையை எடுத்துக்கொள்வோம். விடியல் ஐந்து மணிக்குப் புறப்பட்டால் ஜி.எஸ்.டி. சாலையில் நெரிசலுக்கு முன் செங்கல்பட்டைக் கடந்துவிடலாம். திண்டிவனத்தில் புதுச்சேரிச் சாலைக்குத் திரும்பி, பிற்பகலில் வேளாங்கண்ணி. சுமார் 300 கி.மீ. முதல் இரவு அங்கேயே. மறுநாள் திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, தொண்டி வழியே, 1693-இல் அருளானந்தர் உயிர்துறந்த ஓரியூர், இரவு இராமநாதபுரம். மூன்றாம் நாள் தூத்துக்குடிப் பனிமய அன்னை, மாலையில் மணப்பாடு, இரவு திருச்செந்தூர். நான்காம் நாள் உவரி, நாகர்கோவில். மிகக் குறைவான தூரம் இந்நாளில்தான். அதைக் கண்டு இன்னும் இரண்டு ஊரைச் சேர்க்கத் துடிக்க வேண்டாம். கோட்டாறு பேராலயத்தில் புனித தேவசகாயத்தின் கல்லறையருகே சற்று நேரம் அமரலாம், துணி துவைக்கலாம், ஓட்டுநரும் பகலில் உறங்கலாம். ஐந்தாம் நாள் காலையில் அவர் 1752-இல் சுட்டுக்கொல்லப்பட்ட ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலை. பின்பு மதுரை வழியே திருச்சி. இந்நாளே நெடியது, ஏறக்குறைய 375 கி.மீ.; நாற்கர சாலை என்பதால் மட்டுமே இதற்கு இசைகிறோம். வழியில் வேறெதுவும் வேண்டாம். ஆறாம் நாள் தாம்பரம். பூண்டி விட்டுப்போயிற்றே என்பார்கள். பூண்டி வேண்டுமெனில் திருச்சியில் இன்னோர் இரவு கூட்டுக.

புதுச்சேரியும் காரைக்காலும் ஒன்றியப் பகுதி. தமிழ்நாட்டு எல்லையை இரு முறை விட்டு இரு முறை மீள்கிறோம் என்பது பலருக்கு நினைவிராது. வாடகை வண்டியின் பெர்மிட் அங்கும் செல்லுமா என்று முன்பணம் கொடுக்குமுன் பார்க்க வேண்டும். வெள்ளைப் பலகைச் சொந்த வண்டியை வாடகைக்கு எடுப்பது அறவே கூடாது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அதுவே போதும். ஆகஸ்டு 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியில் அறை கிடைப்பது அரிது. அந்நாட்களில் செல்வோர் நாகப்பட்டினத்திலோ காரைக்காலிலோ முன்னதாகவே இடம் பார்த்துக்கொள்க.

விடுதிக்குத் தொலைபேசியில் பேசும்போது எத்தனை அறை, வெந்நீர் உண்டா என்று கேட்கிறோம். ஓட்டுநருக்குக் கட்டில் உண்டா என்றும் கேளுங்கள். இல்லையெனில் நம் செலவில் ஒரு சிறிய அறை. அதைப் பேட்டாவில் கழிக்கலாகாது. கொசுவும் புழுக்கமுமாக வண்டியின் பின்னிருக்கையில் புரண்டவரை விடியலில் எழுப்பி, 'போகலாமா?' என்று கேட்டால் அவர் போகலாம் என்றே சொல்வார். அவருக்கும் பிழைப்பு வேண்டுமே.