வாராதே என்று சொல்லும் விளக்கு

கூமாப்பட்டியிலே கடல் இல்லை. மேற்கே மலை, மலையடியிலே பிளவக்கல் அணை, அணைக்குக் கீழே வயலும் தென்னந்தோப்பும். வத்திராயிருப்பிலிருந்து பேருந்தேறி வருவோர் அனைவரும் அறிந்த செய்தி இது. ஆயினும் 2025-ஆம் ஆண்டு சூன் திங்களில் அவ்வூர் இளைஞர் ஒருவர், கைப்பேசியிலே படம் பிடித்து, எங்கள் ஊர் ஒரு தனித்தீவு, வாருங்கள் என்று கூவி அழைத்தார். நாடே திரும்பிப் பார்த்தது! எங்கோ இருக்கும் நகரங்களிலிருந்தெல்லாம் தீவைத் தேடி வந்தார்கள். வந்தவர்களிலே மகிழ்ந்து போனவர்களும் உண்டு. தீவு எங்கே என்று கேட்டு முகம் சுளித்துத் திரும்பியவர்களும் உண்டு.

அந்த இளைஞர்மீது நமக்கு வருத்தமில்லை. தன் ஊரைத் தான் புகழாமல் வேறு யார் புகழ்வது? ஆனால் தீவு என்ற சொல் காதில் விழுந்ததும், அதனோடு ஒட்டி நிற்கும் இன்னொன்று நம் நினைவுக்கு வந்தது. தீவிலும் பாறையிலும் விளக்கு ஏற்றி வைக்கிறார்களே, அது எதற்காக? வா என்று அழைப்பதற்கா?

அழைக்கும் விளக்கும் உண்டு, மறுக்கவில்லை. கலங்கரை விளக்கம் என்ற நம் சொல்லே அப்படிப் பிறந்ததுதான். கலம் என்றால் கப்பல். கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமல்லவா, அந்தக் கரைதல். கலத்தை அழைக்கும் விளக்கம், கலங்கரை விளக்கம். சிலப்பதிகாரத்திலே இந்தச் சொல் இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையிலோ, ஏணி சாத்தி ஏறவேண்டிய உயர்ந்த மாடத்தின்மேல் இரவிலே எரியும் தீயைக் கண்டு கப்பல்கள் துறை சேர்வது பாடப்பட்டிருக்கிறது. துறைமுகத்து விளக்கு, ஆகவே அழைத்தது.

நடுக்கடல் பாறைமேல் நிற்கும் விளக்கின் வேலை வேறு. இங்கே வாராதே, விலகிப் போ என்று இரவெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதே அதன் தொழில். அப்படிப்பட்ட விளக்கு ஒன்று நமக்கு அண்டையிலேயே இருக்கிறது. அதன் கதையைச் சொல்கிறோம்.

சென்னையிலிருந்து மேற்கே போகவேண்டிய பெரிய கப்பல் இராமேசுவரம் பக்கம் புகுந்து போக முடியாது. அங்கே கடல் ஆழமில்லை. இலங்கையைச் சுற்றித்தான் போகவேண்டும். சுற்றிப் போகும்போது, இலங்கையின் தென்கிழக்கே, கிரிந்தை என்ற ஊருக்கு அப்பால், கரையிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தொலைவிலே, நீர்மட்டத்திற்குச் சற்றே தலை நீட்டியும் நீட்டாமலும் பாறைகள் கிடக்கின்றன. போர்த்துகீசியர் தங்கள் மொழியிலே ஆழமற்ற இடம் என்று பொருள்படும் சொல்லால் அவற்றைக் குறித்தார்கள். அது திரிந்து ஆங்கிலேயர் வாயிலே 'பாசஸ்' ஆயிற்று. சிங்கள மக்களோ அவற்றை இராவணன் கோட்டை என்கிறார்கள். கடல் கொண்ட கோட்டை என்பது அவர்கள் எண்ணம்.

அங்கே எத்தனை கலங்கள் உடைந்தன என்பதைக் கடல்தான் அறியும். ஒன்றை மட்டும் கடல் காட்டிக் கொடுத்தது. 1961-ஆம் ஆண்டு, எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கின் தோழர் மைக் வில்சனும் இரண்டு சிறுவர்களும் அப்பாறையருகே மூழ்கிப் பார்த்தபோது, அடியிலே வெள்ளி ரூபாய்கள் கட்டி கட்டியாக ஒட்டிக் கிடக்கக் கண்டார்கள். ஔரங்கசீப் காலத்தவை, சூரத்து நாணயச் சாலையிலே 1702-ஆம் ஆண்டு வாக்கில் அடித்தவை. பேரரசின் முத்திரை காசின்மேல் இருந்தது. பாறையின்மேல் ஒரு விளக்கு இல்லை. ஏற்றிய வெள்ளியும் ஏறிய மக்களும் அடியிலே போனார்கள்!

விளக்கு வந்தது 1873-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள். அதற்கு முன்னரே இரும்பிலே கோபுரம் எழுப்பத் திட்டமிட்டுப் பணத்தைக் கரைத்துக் கைவிட்டிருந்தார்கள். பின்னர் ஜேம்ஸ் டக்ளஸ் என்ற பொறியாளர் கல்லிலே கட்ட வரைபடம் தந்தார். அவர் தம்பி வில்லியம் டக்ளஸ் கடலிலே நின்று கட்டி முடித்தார். உயரம் 37 மீட்டர்.

கட்டிய முறைதான் கருத்தைக் கவர்வது. ஸ்காட்லாந்திலே டால்பீட்டி என்ற ஊரின் கருங்கல். ஒவ்வொரு கல்லையும் அதன் பக்கத்துக் கல்லோடு கொக்கிபோல் பூட்டிக்கொள்ளுமாறு செதுக்கி, அங்கேயே பொருத்திப் பார்த்து, மறுபடி பிரித்து, கப்பலேற்றிப் பாதி உலகம் தாண்டிக் கொண்டுவந்தார்கள். நம் தச்சர் மரத்திலே புறாவால் போலச் செதுக்கிப் பூட்டுவாரே, அதே பூட்டு, இங்கே கல்லிலே. இவ்வழியைக் காட்டியவர் ஸ்மீட்டன் என்ற பொறியாளர். இங்கிலாந்திலே எடிஸ்டோன் பாறைமேல் 1759-இல் அவர் எழுப்பிய கோபுரம் அடி பருத்து மேலே குறுகி, காற்றுக்கு நிற்கும் மரத்தின் அடிமரம்போல இருந்தது. நூறாண்டுக்குப் பிறகு அது ஆடத் தொடங்கியபோது ஆராய்ந்தார்கள். கோபுரத்திலே குறையில்லை, அதன் கீழிருந்த பாறையைக் கடல் அரித்திருந்தது! பக்கத்துப் பாறையிலே புதிய கோபுரம் கட்டி 1882-இல் விளக்கேற்றியவர் இதே ஜேம்ஸ் டக்ளஸ். அவருக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. இராவணன் கோட்டையிலே, பருவக்காற்று ஓய்ந்த திங்கள்களில் மட்டுமே கால் வைக்க முடிந்த அந்தப் பாறையிலே, அலைக்கு முதுகைக் கொடுத்துக் கல் ஏற்றியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள். பட்டம் எப்போதும் படம் வரைந்தவருக்குத்தான்.

1878-இல் சின்னப் பாறையிலும் ஒரு விளக்கு எழுந்தது. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலை இலங்கைக் கரையைச் சூறையாடியபோது இரண்டுக்கும் சேதம் உண்டாயிற்று, இரண்டும் நின்றன.

ஒன்றை நம் தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்தால் மட்டும் போதாது; எந்த விளக்கு என்று தெரியவேண்டும். ஆகவேதான் ஒவ்வொரு கலங்கரை விளக்கத்திற்கும் தனித்தனி மின்னல் கணக்கு வைத்திருக்கிறார்கள். இத்தனை நொடிக்கு ஒரு முறை, அல்லது இரு முறை என்று அச்சிட்ட பட்டியல் கப்பலிலே இருக்கும். மாலுமி எண்ணிப் பார்ப்பான். இது இன்ன பாறை என்று அறிவான். கணக்குத் தவறிய விளக்கு, விளக்கே இல்லாததைவிடக் கொடியது. அணைந்த விளக்கைக் கண்டவன் அஞ்சி நிற்பான். பொய் விளக்கைக் கண்டவன் துணிந்து போவான்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது விண்ணிலே சுற்றும் கோள்கள் வழி காட்டுகின்றன என்பார்கள் சிலர். காட்டட்டும். 2020-ஆம் ஆண்டு சூலை 25 அன்று, வகாஷியோ என்ற பெருங்கப்பல் மொரீசியசுத் தீவின் பவளப்பாறைமேல் ஏறிற்று. மொரீசியசு நமக்கு அந்நியமல்ல. அந்நாட்டு ரூபாய் நோட்டிலே தமிழ் எழுத்து உண்டு. கப்பலிலே எல்லாக் கருவியும் இருந்தன. பின் ஏன் கரையை நெருங்கிற்று? கைப்பேசிக்கு அலை கிடைக்கும் என்பதற்காகப் பாதை மாற்றினார்கள் என்று, அக்கப்பலுக்குக் கொடியளித்த பனாமா நாட்டின் கடல்துறையே கூறிற்று. ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கடலிலே கொட்டியது. மீனவர்களும் இல்லத்தரசிகளும் கரும்புச் சோகையைச் சாக்கிலே அடைத்து மிதவை செய்து அதைத் தடுக்க முனைந்தார்கள்.

கைப்பேசி அழைத்தது, கப்பல் போயிற்று!

இன்று கலங்கரை விளக்கங்களையே சுற்றுலா இடங்களாக்கி வருகிறார்கள். 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியிலே நடந்த விழாவில், 75 விளக்கங்களில் அமைத்த வசதிகளை இந்தியத் தலைமையமைச்சர் திறந்து வைத்தார். வாராதே என்று சொன்ன விளக்கும் இனி வா என்று சொல்லப்போகிறது. மக்கள் ஏறிப் பார்க்கட்டும், நாம் வேண்டாமென்போமா? ஏறுகிறவனுக்கு, இது யாரை எதிலிருந்து காத்தது என்பதையும் தமிழிலே எழுதி வையுங்கள் என்போம்.

கூமாப்பட்டிக்கு வருவோம். அவ்வூர் அழைத்துவிட்டது, மக்கள் வருகிறார்கள். ஆனால் அந்த மலை எப்போதும் அழைக்கும் மலை அல்ல. மேலே மழை பெய்வது கீழே நிற்பவனுக்குத் தெரியாது. வெயில் காயும்போதே ஓடையிலே வெள்ளம் இறங்கிவிடும். வத்திராயிருப்பை அடுத்த சதுரகிரி மலைப் பாதையிலே 2015-ஆம் ஆண்டு மே திங்களில் திடீர் வெள்ளம் வந்து வழிபடச் சென்றவர்கள் உயிரிழந்ததை அப்பகுதி மக்கள் மறக்கவில்லை. வெளியூரார் அதை அறியார். கைப்பேசிப் படமும் அதைச் சொல்லாது.

ஆகவே ஆட்சியாளரிடம் நாம் கேட்பது பூங்காவும் படகும் அல்ல. அவை பிறகு வரட்டும். பிளவக்கல்லில் பெரியாறு அணைக்கும் கோவிலாறு அணைக்கும் போகும் வழியிலே, வண்டியிலிருந்தபடியே படிக்கக்கூடிய பெரிய எழுத்திலே, தமிழிலே, பலகை வையுங்கள். எங்கே இறங்கலாம், எங்கே கூடாது, ஆழம் எத்தனை அடி, எந்தத் திங்களில் நீர் இருக்கும், எந்தத் திங்களில் வெறும் மணல், மேலே மழையென்றால் எந்த ஓடையை விட்டு விலக வேண்டும் என்பவற்றை எழுதுங்கள். அணை மூடியிருக்கும் நாளிலே மூடியிருக்கிறது என்று கிருஷ்ணன்கோவில் விலக்கிலேயே சொல்லிவிடுங்கள். திருநெல்வேலியிலிருந்து குழந்தைகளோடு வருகிறவன் அங்கேயே திரும்பிக்கொள்வான்.