வாடகையை உரிய தேதியில் செலுத்துதல்: குடியிருப்போர் சங்கத்தின் நிலைப்பாடு

சென்ற பொதுக்கூட்டத்தில் எழுந்த வாடகை நிறுத்த யோசனை, அதாவது வாடகை செலுத்துவதையே நிறுத்திவைக்கும் யோசனை, இன்றளவும் பலவாறாகப் பேசப்பட்டு வருவதாலும், அதைச் சங்கம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்றே வீட்டு உரிமையாளர் சிலர் பரப்பிவருவதாலும், நிர்வாகக் குழு தன் முடிவை எழுத்து மூலம் அறிவிப்பது அவசியமாகிறது. ஒப்புக்கொண்ட தேதிக்குள், அப்படித் தேதி எதுவும் குறிக்கப்படாதவிடத்து மாதந்தோறும் 5-ஆம் தேதிக்குள், ஒவ்வோர் அங்கத்தினரும் வாடகையைச் செலுத்திவிட வேண்டும் என்பதே சங்கத்தின் நிலைப்பாடு. குழுவில் சிலர் வேறு அபிப்பிராயம் கொண்டிருந்தபோதிலும், தற்போதைய சூழ்நிலையில் இதுவே உசிதமானது என்பதற்கு இறுதியில் எல்லோரும் இசைந்தனர்.

தமிழ்நாட்டின் 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், பாக்கி வேண்டுமென்றே வைக்கப்பட்டதா என்று நீதிமன்றம் ஆராயும் அவகாசமேனும் நமக்கு இருந்தது. 22-2-2019 முதல் நடைமுறையிலுள்ள 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்திலோ, இரண்டு மாத பாக்கியே வெளியேற்றக் கோருவதற்குக் காரணமாகலாம். "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்வார்களாக. மேலும், வீட்டு வாடகையை நம்பியே மருந்து வாங்கும் முதிய உரிமையாளர்களும் நம் தெருக்களில் உண்டு. அவர்களை வருத்துவது சங்கத்தின் நோக்கமன்று.

ஆனால், தவறாமல் வாடகை செலுத்துங்கள் என்று நமக்கு உபதேசிக்க வரும் கனவான்களை நாம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது: செலுத்திய வாடகைக்கு ரசீது எங்கே? வாடகை பெற்றவர் ரசீது தர வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, புதிய சட்டத்திலும் இருக்கிறது. இருந்தும், ரொக்கமாகவே கொடு என்று வற்புறுத்தி வாங்கி, எண்ணிப் பார்த்துப் பையில் வைத்துக்கொண்டு, ரசீது கேட்டவனை ஏதோ தகாத வார்த்தை பேசியவனைப் போல ஏற இறங்கப் பார்த்து, "இஷ்டமில்லையென்றால் காலி செய்" என்று சொல்வது எந்த நியாயத்தில் சேரும்? வருஷத்திற்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் வாடகை கொடுக்கும் சம்பளக்காரர், வீட்டு வாடகைப்படிக்கு வருமான வரி விலக்குக் கோர உரிமையாளரின் பான் எண்ணைத் தந்தாக வேண்டும். அதைக் கேட்டதற்காகவே வாடகை உயர்த்தப்பட்ட குடும்பங்களை நாம் அறிவோம். மாதந்தவறாமல் கொடுத்து வந்த ஒருவர், கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாத ஒரே காரணத்தால், பாக்கிக்காரராக விசாரணையில் நிற்பது பொறுக்கத்தக்கதன்று. பொறுக்கவும் மாட்டோம். வாங்கும் கைக்குக் கையெழுத்திடவும் தெரிய வேண்டும்.

ஆகவே, இயன்றவரை வங்கி வழியாகவே வாடகையைச் செலுத்துமாறும், அதற்கு உரிமையாளர் இணங்காதவிடத்து மணியார்டர் செய்து அதன் சீட்டைப் பத்திரப்படுத்துமாறும் அங்கத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம். வாடகையை வாங்க மறுத்துவிட்டுப் பின்னர் பாக்கி என்று வழக்குத் தொடுக்கும் தந்திரம் புதியதன்று. அவ்வாறு மறுக்கப்பட்டால், வாடகை அதிகாரியிடமே தொகையைச் செலுத்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது.

ஒப்பந்தம் வேறு விதமாகச் சொன்னாலன்றி மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாத முன்பணம் பத்து மாத வாடகையாக வாங்கப்படுவதும், காலி செய்யும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாத வாடகை பிடிக்கப்படுவதும், மின்சாரத்திற்கு யூனிட்டுக்கு இஷ்டம்போல் விலை வைப்பதும் தனியே ஆலோசிக்கப்படும். தினக்கூலியில் ஜீவிக்கும் அங்கத்தினர், தேதி தவறக்கூடும் என்று அஞ்சினால், முன்னதாகவே உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவித்து, நகலைச் சங்கத்தில் ஒப்படைப்பது நலம்.

வாடகை நிறுத்த யோசனையை என்றென்றைக்குமாகக் கைவிட்டோம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. எனினும், பாக்கியில்லாத அங்கத்தினரின் வழக்கையே சங்கம் முழு பலத்துடன் நடத்த இயலும். வரும் மாத வாடகையை 5-ஆம் தேதிக்குள் செலுத்துங்கள். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். மறுக்கப்பட்டால் அன்றைக்கே சங்கத்திற்குத் தெரிவியுங்கள்.