சாட்சியின் நாள்கூலி யார் கணக்கில்?

திருச்சி–திண்டுக்கல் நான்குவழிச் சாலையில், வையம்பட்டி பக்கம் ஒரு லாரி இருசக்கர வாகனத்தை இடித்துவிட்டால் முதலில் ஓடிவருபவர் சாலையோர டீக்கடைக்காரராக இருப்பார். போலீசாரிடம் வாக்குமூலம் கொடுப்பதும், மகஜரில் கையெழுத்திடுவதும் அவர் தலையில்தான் விழும். பிறகு ஒருநாள் சம்மன் வரும். மணப்பாறை நீதிமன்றம் என்றால் அரைநாள் வியாபாரம் போகும். அவர் பார்த்தது ஒரு கொலையாக இருந்து, வழக்கு திருச்சி அமர்வு நீதிமன்றத்தில் நடந்தால், ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் பயணம். கடைக்கு நாள் முழுக்கப் பூட்டு. போன இடத்தில் வாய்தா என்று சொல்லிவிட்டால், இன்னொரு முறையும் இதே கதை.

இப்படி நீதிமன்றத்துக்காகப் பிழைப்பை விட்டுவிட்டு வருபவர்களில், தீர்ப்புச் சொல்லும் பொதுமக்களான ஜூரிகளும் அமெரிக்காவில் உண்டு; அவர்களுக்குத் தரும் தொகை போதுமா என்பது ஓயாத விவாதம். அங்கே கூட்டாட்சி நீதிமன்றங்களில் ஜூரிகளின் நாள்படி 2018இல் 40 டாலரிலிருந்து 50 டாலராக உயர்ந்தது. சாட்சிக்கும் நாளொன்றுக்கு 40 டாலர் உண்டு. இந்தியா ஜூரி முறைக்கு விடைகொடுத்துவிட்டது. 1959இல் பம்பாயின் நானாவதி கொலை வழக்கில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஜூரிகள் விடுதலை சொன்னது நாட்டையே பேச வைத்தது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை. ஆனால் நீதிக்காகத் தன் பிழைப்பை விட்டுவிட்டு வரும் குடிமகன் மறையவில்லை. இன்று அவர் சாட்சிக் கூண்டில் நிற்கிறார்.

அவருக்குச் சட்டம் என்ன தருகிறது? 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 544ஆம் பிரிவு, நீதிமன்றம் உகந்ததெனக் கருதினால் சாட்சியின் நியாயமான செலவை அரசு தரும்படி உத்தரவிடலாம் என்றது. 1973இல் அது 312ஆம் பிரிவானது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 350ஆம் பிரிவு. எண் மாறியது, பெயர் மாறியது. ‘உகந்ததெனக் கருதினால்’ மட்டும் வெள்ளைக்காரன் விட்டுப்போன இடத்திலேயே இருக்கிறது. வராமல் போனால் என்ன என்பதில் இந்தத் தயக்கம் எதுவும் இல்லை. நீதிமன்ற அழைப்பை வேண்டுமென்றே புறக்கணித்தால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 208ஆம் பிரிவுப்படி ஆறு மாதம்வரை வெறுங்காவல் அல்லது 10,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டுமே. இது என்ன நியாயம்?

சிவில் வழக்கில் இப்படி இல்லை. சாட்சியை அழைக்கும் தரப்பு, சம்மன் போவதற்கு முன்பே பேட்டாவை நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். கிரிமினல் வழக்கில் அழைக்கும் தரப்பு பெரும்பாலும் அரசு. தனியாருக்குப் போட்ட கட்டாயத்தை அரசு தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை.

இது புதிய புகாரும் அல்ல. சட்ட ஆணையம் 1996இல் அளித்த 154ஆவது அறிக்கை, சாட்சிப் படியை நடைமுறைக்கு ஏற்ற அளவில் நிர்ணயித்து, எளிய முறையில் தாமதமின்றித் தரச் சொன்னது. 2000ஆம் ஆண்டில் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி டி.பி. வாத்வா, படியை வாங்க அலைவதைவிட அதை விட்டுவிடுவதே மேல் என்று சாட்சி முடிவு செய்யும் நிலையைப் பதிவுசெய்தார். விசாரிக்கப்பட்டாலும் இல்லாவிட்டாலும் பணம் உடனே கைக்கு வர வேண்டும் என்றார். கால் நூற்றாண்டு ஓடிவிட்டது.

பணம் கொடுத்தால் சாட்சியை விலைக்கு வாங்கியதாகாதா என்று கேட்பார்கள். அதே வழக்கில் சாட்சி சொல்ல வரும் இன்ஸ்பெக்டருக்கும், அரசு மருத்துவருக்கும், கிராம நிர்வாக அலுவலருக்கும் அன்றைய சம்பளம் உண்டு. அதனால் அவர்கள் சாட்சியம் விலைபோனதாக யாரும் சொல்வதில்லை. சந்தேகம் டீக்கடைக்காரரிடமும் கூலியாளிடமும் மட்டும் ஏன் வருகிறது? உண்மையில் ஆபத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது. அரசு கொடுக்காத பஸ் காசையும் மதியச் சாப்பாட்டையும் வழக்கில் அக்கறையுள்ள வேறொருவர் கொடுக்க முன்வந்தால், பிறழ்சாட்சிக்கான வழி அங்கேதான் திறக்கிறது. மிரட்டலுக்கு ஆளாகும் சாட்சிகளுக்காக 2018இல் உச்ச நீதிமன்றம் ஒரு பாதுகாப்புத் திட்டத்தை ஏற்றது. மிரட்டல் இல்லாத, வருமானம் மட்டுமே போகிற பெரும்பாலோர் அதற்குள் வரமாட்டார்கள்.

காணொலி வழியே சாட்சியம் பதிவுசெய்யப் புதிய சட்டம் இடமளிக்கிறது. நல்லது. அதனால் பயணம் குறையும். காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி யார் தருவது என்ற கேள்வி அப்படியேதான் இருக்கும்.

நூறுநாள் வேலைத் திட்டத்தில் 2025–26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டின் நாள்கூலி 336 ரூபாயாக இருந்தது; அது வங்கிக் கணக்குக்கே போனது. ஏரி வெட்டுபவருக்குச் செய்ய முடிவதை சாட்சிக்கும் செய்ய முடியும். சம்மனோடு வங்கி விவரம் கேட்கும் படிவம் ஒன்றை இணைத்து, வருகை பதிவான அன்றே பணத்தை அனுப்பலாம். குறைந்தபட்ச அளவாக 336 ரூபாய், அதோடு பயணச் செலவு; ஆண்டுதோறும் கூலி உயரும்போது இதுவும் உயர வேண்டும். காரணமில்லாமல் வாய்தா கேட்கும் தரப்பிடம் செலவுத்தொகை வசூலிக்கச் நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 346ஆம் பிரிவு ஏற்கெனவே வழி வைத்திருக்கிறது. நிதிக்கு அதிலிருந்தே தொடங்கலாம். 350ஆம் பிரிவு, மாநில அரசின் விதிகளுக்கு உட்பட்டது. தில்லியின் அனுமதிக்குக் காத்திருக்காமல், உயர் நீதிமன்றத்தைக் கலந்து தமிழ்நாடு அரசே விதியை மாற்றி, படி வழங்குவதைக் கட்டாயமாக்க முடியும். அதைச் செய்ய வேண்டும்.