சாதனத்தை இயக்கியோடு பிணைக்கும் முறை: எழுதிவைப்பதன் அவசியம்

கம்ப்யூட்டரோடு சேர்ந்த ஒவ்வொரு சாதனத்திற்கும் அதனை இயக்கும் நிரல் ஒன்று வேண்டும். இதனை இயக்கி என்பர். லினக்ஸில் பெரும்பாலான இயக்கிகள் கர்னல் எனப்படும் ஆதார நிரலின் பகுதியாகவே அமைந்துள்ளன. யந்திரம் தொடங்கும்போது தமக்குரிய சாதனத்தைத் தாமே கண்டு பிணைத்துக்கொள்கின்றன. ஆயினும் ஆய்வுக்கூடங்களிலும் கள நிலையங்களிலும் வழங்கும் சிறப்பு அளவீட்டு அட்டைகள் சிலவற்றிற்குக் கர்னலில் இயக்கி இருப்பதில்லை. அத்தகைய அட்டைகளுக்கு, சாதாரண நிரல்கள் ஓடும் பயனர் வெளியில் இயக்கி எழுதிக்கொள்வது சௌகரியமான வழியாகும். இவ்வழியில் சாதனத்தை இயக்கியிடம் ஒப்படைக்கும் வேலை மனிதன் கையில் விடப்படுகிறது. அந்த வேலையைச் செய்தவர் அதை எழுதிவைக்காமல் போவதே இன்று நீக்கப்பட வேண்டிய குறை.

பிணைப்பு நிகழும் விதத்தை அறிந்தால் இக்குறையின் தன்மை விளங்கும். ஒவ்வொரு பிசிஐ அட்டையும் தயாரிப்பாளர் எண், சாதன எண் என இரண்டு அடையாள எண்களைத் தாங்கி நிற்கிறது. கர்னல் இவற்றை ஒவ்வோர் இயக்கியின் பட்டியலோடும் ஒப்பிட்டுப் பொருத்தமானதைப் பிணைக்கிறது. 2005-ஆம் ஆண்டில், சிஸ்எஃப்எஸ் என்னும் கோப்பு அமைப்பின் வழியாக இப்பிணைப்பைக் கையால் அவிழ்க்கவும் கட்டவும் வசதி வந்தது. 2007-இல் யூஐஓ என்னும் முறையும், 2012-இல் விஎஃப்ஐஓ என்னும் முறையும் கர்னலில் சேர்ந்தன. யூஐஓவைச் சார்ந்த பொது பிசிஐ இயக்கியின் பட்டியல் வெறுமையானது. எனவே ஒருவர் சொன்னாலன்றி அது எந்த அட்டையையும் ஏற்பதில்லை. அவர் சொன்ன சொல்லும் யந்திரத்தின் நினைவில் மட்டுமே நிற்கிறது. மின்சாரம் நின்று மீண்டு வந்தால் மறைந்துவிடுகிறது.

தொலைவிலுள்ள ஒரு கள நிலையத்தை எண்ணிப் பார்க்கலாம். அட்டையை நிறுவி, நான்கு கட்டளைகளால் பிணைத்து, அளவீட்டைத் தொடங்கிவைத்தவர் மாற்றலாகிச் சென்றுவிடுகிறார். மழைக்கால இரவொன்றில் மின்சாரம் தடைப்பட்டு யந்திரம் மறுபடி தொடங்குகிறது. அட்டை பழுதில்லை, நிரலும் பழுதில்லை, பிணைப்பு மட்டும் இல்லை. எழுத்தில் ஒரு பக்கம் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும் வேலை, அளவீடு அறுந்த நாட்களாக முடிகிறது. போன மழையை மறுபடி அளக்க எவராலும் இயலாது.

குறிப்பு எழுதுவோர் சிலர் கட்டளைகளை மட்டும் வரிசையாகத் தந்து நிறுத்திவிடுகின்றனர். இது பாதி வேலையே. நல்ல குறிப்பில் ஐந்து செய்திகள் இருத்தல் வேண்டும்.

முதலாவது, அட்டை எது என்பது. அடையாள எண்களோடு, அது செருகப்பட்ட இடத்தின் பிசிஐ முகவரியும் குறிக்கப்பட வேண்டும். வேறு அட்டை சேர்த்தால் இம்முகவரி மாறக்கூடும் என்ற எச்சரிக்கையும் உடன் வேண்டும்.

இரண்டாவது, இப்போது அதனைப் பிடித்திருக்கும் இயக்கி எது, அவிழ்த்தால் எது நின்றுபோகும் என்பது. முகவரியில் ஓர் இலக்கம் தவறி வலையமைப்பு அட்டையை அவிழ்த்தவர், தொலைவிலிருந்து வேலை செய்பவராயின், தம் தொடர்பைத் தாமே துண்டித்துக்கொண்டவராவார்.

மூன்றாவது, பிணைக்கும் முறையும் அதனைத் தேர்ந்த காரணமும். 'நியூ ஐடி' என்னும் கோப்பில் அடையாள எண்களை எழுதினால், அவ்வெண்களைக் கொண்டு வேறு இயக்கியோடு பிணையாதிருக்கும் அட்டைகள் அனைத்தையும் புதிய இயக்கி நாடும். ஒரே வகை அட்டை இரண்டு உள்ள யந்திரத்தில் இது குழப்பம் விளைக்கும். 2014-இல் பிசிஐ சாதனங்களுக்கு வந்த 'டிரைவர் ஓவர்ரைடு' என்னும் கோப்போ, குறித்த ஓர் அட்டைக்கு மட்டும் இயக்கியைப் பெயர் சொல்லி நியமிக்கிறது. விஎஃப்ஐஓ முறையில், ஐஓஎம்எம்யூ என்னும் காவல் அமைப்பு ஒரே குழுவாக வகுத்த சாதனங்களையெல்லாம் அவற்றின் வழக்கமான இயக்கிகளிடமிருந்து விடுவிக்க வேண்டியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இக்காவல் இல்லாதபோது, நினைவகத்தில் தானே எழுதவல்ல அட்டை, தவறான கட்டளையால் கர்னலின் நினைவையே கெடுக்கக்கூடும்.

நான்காவது, பிணைப்பு நிகழ்ந்ததைச் சோதிக்கும் வழி. ஐந்தாவது, பழைய நிலைக்குத் திரும்பும் வழியும், யந்திரம் மறுபடி தொடங்கும்போது பிணைப்பு தானே அமைவதற்கான ஏற்பாடும். திரும்பும் வழி எழுதப்படாத குறிப்பு, இறங்கப் படியில்லாத கிணறு போன்றது.

இவ்வேலையைத் தானே செய்யும் கருவி நிரல்கள் இருக்க, எழுத்து எதற்கு என்று கேட்போர் உண்டு. கருவி நிரல் நன்மையே. ஆனால் அது எந்த அட்டையை, எதற்காக, எவர் தேர்ந்தார் என்பதைச் சொல்லாது. கர்னலோடு வரும் ஆவணங்களே போதும் என்பாரும் உண்டு. அவை பொது விதியை உரைக்கும். இந்த நிலையத்தின் இந்த யந்திரத்தைப் பற்றி உரைக்க மாட்டா. மேலும் அவை ஆங்கிலத்தில், கர்னல் எழுதுவோரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை.

எழுதிய குறிப்பு சரியானதா என்பதை எழுதியவரே தீர்மானித்தல் ஆகாது. அவ்வேலையை முன்பு செய்திராத ஒருவர், அந்தத் தாளை மட்டும் கையில் கொண்டு, சோதனை யந்திரம் ஒன்றில் செய்து பார்க்க வேண்டும். அவர் தயங்கும் இடமே குறிப்பு திருத்தப்பட வேண்டிய இடம். கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் பரவலாக வழங்குகிறது. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நம் நாட்டில் உள்ளது. இத்தகைய வகுப்பறைகளில் ஒரு மாணவர் எழுதியதை இன்னொரு மாணவர் செய்து பார்க்கும் பயிற்சியை ஆசிரியர்கள் ஏற்படுத்தலாம். கள ஊழியர்களோ, யந்திரத்தின் அருகிலேயே தாய்மொழியில் எழுதிய ஒரு தாளை, தேதியும் கர்னலின் பதிப்பு எண்ணும் குறித்து, வைத்தல் வேண்டும். அளவீட்டு அட்டை அரசாங்கத்தின் சொத்து என்று பதிவேட்டில் ஏறுகிறது. அதனை இயங்கச்செய்யும் அறிவும் அதே பதிவேட்டோடு சேர்ந்து கைமாற வேண்டியதே முறை.